பொத்தான் போனுக்குப் பத்து நாள் பரீட்சை

எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்துல கீபோர்டு வச்ச போன் ஒண்ணு வந்துதே, அது மாதிரி வராதுப்பா" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். வேறு பேச்சு பேசு என்று சொல்லிவிடுவேன். சம்பந்தி, விருந்தாளி என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்தப் போனைப் பத்து நாள் கையில் வைத்துக்கொண்டு, நல்லதா கெட்டதா என்று நோட்டுப் போட்டு எழுதியவள் நான். எழுதின லட்சணமும் எனக்குத்தான் தெரியும்.

அப்போது நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாடியில் வேலை பார்த்தேன். கடிதம், பில், நெசவாளர்களுக்குக் கொடுக்கும் வேலைச் சீட்டு எல்லாம் என் கைதான். டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் பாஸ் செய்தவள் என்பதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். கல்யாணமாகி செவிலிமேட்டுக்குப் போன பிறகும் தினமும் டவுன் பஸ் பிடித்து அதே நாற்காலிக்கு வந்தேன்.

கடைக்கு நெய்கிறவர்களில் ஒருவன் என் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. ஆறு மாதக் குழந்தையில் மூளைக் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. பேச்சு வருவதற்கு முன்பே காது போனதால் பேச்சும் வரவில்லை. காது கேளாதவர் பள்ளியில் எட்டாவது வரை படித்தான்; அங்கே தமிழ் மட்டும்தான், இங்கிலீஷ் கிடையாது. அப்புறம் தறிக் குழியில் கால் வைத்தவன் எடுக்கவில்லை. கோர்வைப் புடவை அவன் கைவேலை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் அந்தப் புடவையை ஒரு ஆள் நெய்ய முடியாது. அவன் நடுவில் உட்கார, அவன் பெண்டாட்டி வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளுவாள். மற்ற வீடுகளில் "ம், விடு, நிறுத்து" என்று வாயால் சொல்வதை இவன் உட்கார்ந்திருக்கும் பலகையில் முழங்கையால் ஒரு இடி இடித்துச் சொல்வான். கரையும் உடம்பும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் தடமே தெரியாது.

அவன் எழுதும் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் "இன்னாடா, வந்துக்கினு இருக்கியா" என்று பேசுகிற ஜனங்கள். அவன் மட்டும் சீட்டில், "நான் வந்துகொண்டிருக்கிறேன். சிறிது நேரம் பொறுத்திரு" என்று எழுதுவான். பேச்சுத் தமிழ் அவன் காதில் விழுந்ததே இல்லை. பாடப் புத்தகத்தில் பார்த்த தமிழ்தான் அவனுக்குத் தமிழ். நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்தோமே தவிர, அதன் அர்த்தம் என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் வெளியூர் வாடிக்கைக்காரர்களின் ஆட்டம் தொடங்கியது. புடவை பாதி தறியில் இருக்கும்போதே போன் வரும். கரையில் மாங்காய் வேண்டாம், முந்தியை மாற்று, சீக்கிரம் அறுத்துக் கொடு. முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போனார். ஒரு நாள் எல்லா நெசவாளர்களையும் கூப்பிட்டு, "இனிமே போன் எடுத்துப் பேசறவங்களுக்குத்தான் கல்யாண ஆர்டர். மத்தவங்களுக்குச் சாதாப் புடவை குடுக்கறேன், கோச்சுக்காதீங்கபா" என்றார். கூட்டத்தில் தம்பியும் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் தலையாட்டியபோது அவனும் ஆட்டினான்.

கல்யாணப் புடவைதான் கோர்வை. கோர்வை போனால் அவன் கைக்கு என்ன வேலை? நான் மாடியிலிருந்து இறங்கி முதலாளி எதிரில் நின்றேன்.

"மொதலாளி, காது கேக்காதவன் எப்படி போன்ல பேசுவான்?"

"தெரியுதும்மா. நான் இன்னா பண்றது?"

"மெசேஜ் அனுப்பினா? எழுதினா அவன் படிப்பான்."

முதலாளி கெட்டவர் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்ல மனமில்லாவிட்டாலும். ரெண்டு நாள் கழித்து இரண்டு பெட்டிகளை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே ஜோடியாக இரண்டு போன். மேலே சின்னத் திரை, கீழே டைப்ரைட்டர் மாதிரியே வரிசையாகப் பொத்தான்கள். ஸ்மார்ட்போனாம். கண்ணாடியைத் தடவுகிற போன் எங்கள் ஊரில் அப்போதுதான் ஒன்றிரண்டு பேர் கையில் தெரிய ஆரம்பித்திருந்தது; இது அதைவிடக் கெத்து என்று நினைத்த காலம்.

"நீ ஒண்ணு வச்சுக்க, உன் தம்பிகிட்ட ஒண்ணு குடு. பத்து நாள் பாரு. மெசேஜ்லயே வேலை சொல்லி வாங்க முடியும்னா எல்லாருக்கும் இதையே வாங்கிடறேன். முடியலைன்னா நான் சொன்னதுதான். என்னைக் கேக்கக் கூடாது."

பரீட்சை போனுக்கு என்று சொன்னாரே தவிர, அதில் தேற வேண்டியவன் என் தம்பி. நியாயமாக மார்க் போடுகிறவளாக நான் இருக்கவே முடியாது. அந்தப் போன் ஜெயித்தே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் என் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். என் பழைய குட்டிப் போனை அணைத்துக் கைப்பையின் அடியில் தள்ளினேன்.

நோட்டில் நம்பர் போட்டு எழுதினேன். ஒன்று, பொத்தான் சின்னது, மிளகு அளவு, ஆனால் நடுவில் லேசாக மேடு இருப்பதால் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கிறது. இரண்டு, பத்து விரலுக்குப் பழகியவளுக்கு ரெண்டு கட்டைவிரலால் அடிப்பது ஒரு நாள் அவஸ்தை, அப்புறம் பறக்கிறது. மூன்று, வெயிலில் திரை மங்கல். நான்கு, சார்ஜ் ஒரு நாளுக்கு மேல் வராது. ஐந்து, கேமராவில் அரக்கு நிறம் அரக்காகவே தெரியவில்லை, அதை நம்பிச் சாயம் போட்டால் உருப்பட்ட மாதிரிதான். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொத்தான்களை அழுத்துகிற சுகத்துக்கே நான் மயங்கிப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே அடித்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் சிம் கம்பெனியிலிருந்து ஒரு விளம்பரம் தமிழில் வந்தது. தமிழ் எழுத்து எதுவும் இல்லை. கட்டம் கட்டம் கட்டம். கோடு போட்ட நோட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சதுரம் போட்டுப் பழகினமாதிரி திரை முழுக்கக் கட்டம். நான் நோட்டில் எழுதினேன்: "ஆறு, தமிழ் எழுத்து வரவில்லை. பரவாயில்லை."

பரவாயில்லை! இந்த வார்த்தையை எழுதிய கையை என்ன செய்யலாம் சொல்லுங்கள். யாருக்குப் பரவாயில்லை? ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடித்தார்கள். "saptiya" என்று வந்தால் சாப்பிட்டியா என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது எல்லாருக்கும் புரியும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவளுக்கு, தமிழ் எங்கே என்று அந்தப் போனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

தம்பியிடம் போனைக் கொடுத்த அன்று அவனுக்கு ஒரே குஷி. அதிரும்படி வைத்து, லுங்கி மடிப்பில் செருகிவிட்டு, நான் வாசலில் நின்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். இடுப்பில் தேள் விழுந்தமாதிரி துள்ளிக் குதித்தான். அவன் பெண்டாட்டி சிரித்து நாடாவைக் கீழே போட்டாள். நான் கையை ஆட்டி, வா என்று கூப்பிட்டேன். வந்தான். திரையைக் காட்டினேன். பார்த்தான். தலையை ஆட்டினான். ஆச்சு, பாடம் முடிந்தது என்று நான் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் கடையிலிருந்து, "kadaikku vaa" என்று அனுப்பினேன். அரை மணியில் சைக்கிளில் வந்து நின்றான். நோட்டில் டிக். அதற்கடுத்த நாள், "jarigai evlo baaki irukku" என்று கேட்டேன். அதற்கும் வந்தான். நேரில் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, சீட்டில் தமிழில் கேட்டேன், எழுதிக் கொடுத்தான். டிக். "paavu sariyaa irukkaa" என்று, தறியில் நீளவாக்கில் கட்டும் நூலைப் பற்றிக் கேட்டேன். வந்தான். டிக். ஒன்பது நாளில் ஏழு டிக். ஒரு தடவைகூட அவன் பதில் அடித்து அனுப்பவில்லையே என்று எனக்கு உறைக்கவே இல்லை. பொத்தான் அழுத்தச் சோம்பல் படுகிறான், போகப் போகச் சரியாகும் என்று நானே அவனுக்காகச் சமாதானம் எழுதி வைத்தேன்.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் புடவைதான் தம்பி தறியில் இருந்தது. உடம்பு முடிகிற கட்டம், முந்தி ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பெண் முந்தியில் மயில் வேண்டாம், வெறும் ஜரிகைப் பட்டை போதும் என்றாள். முதலாளி முகத்தில் பெருமை. "ஒரு நிமிஷம்மா. இப்பவே நிறுத்திடலாம். எங்ககிட்ட இப்ப எல்லாமே மெசேஜ்தான்" என்று சொல்லிவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார்.

நான் அவர்கள் எதிரிலேயே நின்று ரெண்டு கட்டைவிரலால் அடித்தேன். "munthi aarambikkaathe. mayil vendaam. naan solra varaikkum niruthi vai. kadaikku varavendaam." என் வேகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே, "செமையா டைப் பண்றீங்கக்கா" என்றாள். நான் குளிர்ந்து போனேன். முதலாளி என் தோள் மேலாக எட்டிப் படித்துவிட்டு, "கரெக்ட்" என்றார்.

அவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்துவிட்டான். வெயிலில் சைக்கிள் மிதித்த வேர்வை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வந்துட்டேன் என்று கையைக் காட்டினான்.

"வரவேணாம்னுதானேம்மா அனுப்பின?" என்றார் முதலாளி.

முதலாளி அவன் இடுப்பிலிருந்து போனை வாங்கி மெசேஜைத் திறந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இன்னா எழுதியிருக்குது? படி." அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ரெண்டு கை விரலையும் காற்றில் தட்டிக் காட்டினான். டைப் அடிக்கிற அக்கா என்று எனக்கு அவன் சின்ன வயதில் வைத்த பெயர் அது. அக்கா கூப்பிட்டாள், வந்தேன் என்று அர்த்தம்.

இடுப்பில் அதிர்ந்தால் கடைக்கு வர வேண்டும். முதல் நாள் நான் வாசலில் நின்று கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அவன் அதை ஒழுங்காகச் செய்தான். ஏழு டிக்கும் அவன் சைக்கிளுக்குப் போட்டது.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. வாடிக்கைக்காரர் எதிரில், முதலாளி எதிரில், அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "எட்டாவது வரைக்கும் படிச்சியேடா! இது கூடப் படிக்கத் தெரியலயா உனக்கு? மானத்த வாங்கறியேடா பாவி!" என்று கத்தினேன். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து, ஒரு வேலைச் சீட்டின் பின்பக்கம் நிதானமாக எழுதி என் பக்கம் தள்ளினான்.

"இது ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது உனக்குத் தெரியும். தமிழில் எழுது."

"இது தமிழ்தாண்டா!" என்று போனை அவன் கண்ணுக்கு நேரே நீட்டி, எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். "மு... ந்... தி. முந்தி! ஆ... ரம்... பிக்..."

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திவிட்டேன். சத்தம் போட்டுப் படித்தால்தான் அது தமிழ். வாய்க்குள்ளாவது சொல்லிப் பார்த்தால்தான் தமிழ். அவன் பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கிறான். முந்தி என்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான், காந்தி ரோட்டுக் கடையில், நான் அவன் முகத்துக்கு நேரே கத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயோ பாவம்" என்றாள் கல்யாணப் பெண்ணின் அம்மா. அவள் காபியைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன்.

முதலாளி போன் ரெண்டையும் பெட்டியில் போட்டு மூடினார். "சரிப்படாதும்மா. நான் சொன்னதுதான்." அவ்வளவுதான். தறியில் இருந்த புடவையை மட்டும் முடித்துக் கொடுக்கச் சொன்னார். அடுத்த கல்யாணப் புடவைக்கான பாவு அன்று சாயந்திரமே வேறு வீட்டுக்குப் போனது. போன் எடுத்து "ஹலோ" சொல்லத் தெரிந்தவன் வீட்டுக்கு. அந்த ஆள் கோர்வையில் விரலை ஓட்டினால் நகம் மாட்டும், ஊருக்கே தெரியும்.

அன்று ராத்திரி முதலாளிமேல் கோபம். அந்த அம்மாமேல் கோபம். தமிழ்நாட்டில் போனை விற்கிறவன் தமிழ் எழுத்தை வைக்காமல் விற்கிறானே, அந்தக் கம்பெனிக்காரன்மேல் எல்லாரையும்விடக் கோபம். மூன்று நாள் பொருமிவிட்டு, ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த போன் கடைக்குள் புயலாக நுழைந்தேன். அதே கீபோர்டு போன் கண்ணாடிக்குள் நிமிர்ந்து நின்றிருந்தது.

"இவ்ளோ பொத்தான் வச்சிருக்கீங்களே, இதுல ஒரு பொத்தானாவது தமிழா? எவன்யா இதச் செஞ்சான்? தமிழ் மட்டும் தெரிஞ்சவன் போன் வச்சுக்கக் கூடாதா?"

கடைக்காரர் பதறவில்லை. பொறுமையான மனுஷர். "அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. ஸ்மார்ட்போன்ல யாரும் தமிழ் கேக்கறதில்ல. தமிழ் வேணும்னா சின்னப் போன்ல இருக்குதே."

"எந்தச் சின்னப் போன்ல?"

"உங்க கையில இருக்குதே, அதுல."

என் கையில் பழைய குட்டிப் போன் இருந்தது. கீபோர்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் சிம்மை மறுபடி இதில் போட்டிருந்தேன். அவர் அதை வாங்கி நாலு பொத்தானை அழுத்தித் திருப்பிக் காட்டினார். செய்திகள். பெயர்கள். அமைப்புகள். எல்லாம் கட்டம் இல்லாத, கொம்பும் சுழியும் சரியாக இருந்த தமிழ். ஒன்று முதல் ஒன்பது வரை இருந்த பொத்தானிலேயே க, ங, ச என்று அழுத்தி அழுத்தி எழுதலாம் என்று எழுதியும் காட்டினார்.

"நீங்க வாங்கும்போதே கேட்டேனேக்கா, தமிழ்ல வச்சுத் தரட்டுமான்னு."

கேட்டார். ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கடையில், இதே இடத்தில் நின்று. "ஏன், எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று அவர் மூஞ்சியில் அடித்தமாதிரி சொல்லிவிட்டுப் போனவள் நான்.

புடவைக் கடைக்குப் போகவில்லை. நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன். தம்பி குழியில் உட்கார்ந்து கல்யாணப் பெண் கேட்ட வெறும் பட்டை முந்தியை நெய்துகொண்டிருந்தான். நான் அடித்த தோளை என் பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தமாதிரி எனக்குப் பட்டது. நிஜமாகவே அப்படியா என்று தெரியாது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து போனை அவன் கையில் வைத்தேன். அதுவரை அவன் எதிரில் அதை நான் கைப்பையிலிருந்து எடுத்ததே இல்லை.

முதலில் வேண்டாம் என்று தள்ளினான். அப்புறம் திரையைப் பார்த்தான். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். 'செய்திகள்' என்ற எழுத்தின்மேல், கரையும் உடம்பும் சேர்கிற இடத்தில் ஓட்டுவானே, அப்படி விரலை ஓட்டினான். எப்படி எழுதுவது என்று காட்டினேன். ஒரு தடவைதான் காட்டினேன். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணி, இது இருக்குதுன்னு சொல்லவே இல்ல?" என்றாள். நான் குனிந்து பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் நெய்வதை நிறுத்திவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்த ஆரம்பித்தான். ரொம்ப நேரம் பிடித்தது. அவன் முதன்முதலாக எழுதிய மெசேஜ் அது. அனுப்பத் தெரியாததால் போனையே என்னிடம் நீட்டினான்.

"இது எத்தனை நாட்களாக உன்னிடம் இருக்கிறது?"

இரண்டு விரலைக் காட்டினேன். வருஷம் என்று காட்டவில்லை. அவன் போனை வாங்கி மறுபடி எழுதினான்.

"இரண்டு நாட்களா?"

அவன் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அக்கா தனக்காக அலைந்து வாங்கி வந்திருக்கிறாள் என்கிற சந்தோஷம்தான் இருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.